மாருத்தின் வயிற்றில் ஓர் அம்பு

அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில், ‘வடிவமைப்பு: நிதீஷ் சுப்பண்ணன்’ என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது. அச்சாகி வந்த அன்றே மெர்சி அதைப் பார்த்தாள். முதலாளி மகன், ஆசைக்குப் போட்டுக்கொண்டான், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது திருட்டுச் சரக்கு என்று ஊர் பேசத் தொடங்கிய திங்கட்கிழமை காலையில்தான், வடிவமைத்தவள் மெர்சி என்பது நிதீஷுக்கு ஞாபகம் வந்தது.

சரவணம்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மோல்டிங் கம்பெனி. மோட்டாருக்கு மூடி, பம்புக்கு இம்பெல்லர், மிக்ஸிக்குக் கைப்பிடி என்று முப்பது வருடமாகப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுக்கிற இடம். சுப்பண்ணன் கையால் அழுத்துகிற ஒற்றை மிஷினோடு ஆரம்பித்து வளர்த்தது. அவர் மகன் நிதீஷ் படிப்பு முடித்து வந்ததும் அவனுக்கு மூடியும் கைப்பிடியும் போதவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு விமானக் கிட் ஒட்டுகிற பைத்தியம். பழைய போர் விமானங்களை அளவு சுருக்கி, இறக்கை வேறு வால் வேறாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் வார்த்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் துண்டுகளை வெட்டியெடுத்து ஒட்டி, பெயிண்ட் அடித்து, அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உலகம் முழுக்க இதற்கு ஆள் உண்டு. இங்கிலீஷ்காரன் விமானத்தையும் ஜெர்மன்காரன் விமானத்தையும் பத்துக் கம்பெனி போட்டிருக்கிறது, இந்தியாவில் உருவான மாருத் ஜெட்டை முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பெரிதாக, நுணுக்கமாக ஒருத்தனும் போடவில்லை, நாம் போடுவோம் என்றான் நிதீஷ். நல்ல யோசனைதான். யோசனை அவனுடையது என்று மெர்சியும் ஒத்துக்கொள்வாள். அதற்கு மேல் அந்தப் பெட்டிக்குள் அவனுடையது ஒன்றும் கிடையாது.

உடுமலைப்பேட்டை போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரி வாசலில், ஓய்வுபெற்ற மாருத் ஒன்று குட்டையான சிமெண்டுத் தூண்கள் மேல் நிற்கிறது. கல்லூரி விடுமுறையாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அளந்துகொள்ளலாம் என்றார்கள். பதினோரு ஞாயிறு. உக்கடத்தில் காலை பஸ் ஏறி, பையில் டேப், வெர்னியர், தூக்குக்குண்டு, ஒரு கட்டு டிரேசிங் பேப்பரோடு மெர்சி போனாள். நிதீஷ் ஒரு நாள் வந்தான். விமானத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் தாங்கவில்லை என்று காருக்குப் போய்விட்டான். பதினோரு ஞாயிறும் மெர்சி சர்ச்சுக்குப் போகவில்லை. பாஸ்டர் வீடு தேடி வந்து உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். “அவ ஏரோப்பிளேனுக்கு அடியில மல்லாந்து படுத்திருக்கறாளுங்க” என்று அவள் வீட்டுக்காரர் ரவிக்குமார் சொன்னதை அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

அளந்து முடித்து, ஏழு மாதம் கம்ப்யூட்டரில் வரைந்தாள். ரிவெட் ரிவெட்டாக வரைந்தாள். அச்சு செய்யத்தான் நாள் இழுத்தது. பம்பு ஆர்டர் வந்தால் மாருத் ஓரமாகப் போய்விடும். ஒருவழியாக இருநூற்றுப் பதினான்கு துண்டுகள் பெட்டிக்குள் போய்க் கடைக்கு வந்த வாரத்தில்தான் தெரிந்தது, ஐரோப்பாவில் அஸ்டர்வெக் என்கிற பெரிய கிட் கம்பெனி மூன்று வாரம் முன்பே மாருத்தைப் போட்டுவிட்டது என்று. அதே அளவு, அதே துண்டுகள், ரிவெட்டுகளின் எண்ணிக்கைகூட அதே. தங்கள் பக்கத்து அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தை நேரில் அளந்து செய்தோம் என்று அவர்கள் பெட்டியில் போட்டிருந்தார்கள். கிட் ஒட்டுகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற ஒரு டெல்லிக்காரர் இரண்டையும் மேஜையில் வைத்து வீடியோ போட்டார். ஒன்று அசல், மற்றது கோயமுத்தூர் காப்பி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கீழே வந்து குவிந்ததை மெர்சி படித்தாள். பம்பு செய்கிறவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நானூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

நிதீஷ் அறைக்குக் கூப்பிட்டான்.

“உக்காருங்க மெர்சிக்கா” என்றான். பதினெட்டு வருடத்தில் அந்த நாற்காலியில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மேஜையில் அஸ்டர்வெக் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் டைப் அடித்த ஒரு கடிதம். ‘இணையத்தில் கிடைத்த வரைபடங்களை நிர்வாகத்துக்குத் தெரியாமல் நானே பயன்படுத்திவிட்டேன். இதற்கு நிர்வாகம் எவ்வகையிலும் பொறுப்பல்ல’ என்று அதில் இருந்தது. அடியில் அவள் பேரும் ஒரு கோடும்.

“ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுங்க. அதை நான் பாத்துக்கறேன்.”

“நானுங்களா? நான் எப்பங்க நெட்டுல எடுத்தேன்?”

“வெளிய அப்படித்தானுங்க சொல்லியாகோணும்.”

“பதினோரு வாரம் நான் போய்ட்டு வந்தது உங்களுக்குத் தெரியுமுங்க. காலேஜுக்கு அனுமதிக் கடுதாசி எழுதுனதே நீங்கதானுங்க.”

நிதீஷ் கண்ணைத் தூக்கவில்லை. “அளந்தீங்க, சரிங்க. அளந்ததை வெச்சேதான் வரைஞ்சீங்கன்னு எப்படிங்க சொல்றது? அவிய உலகத்துலயே பெரிய கம்பெனி. அவிய போயி நம்மளப் பாத்துக் காப்பி அடிப்பாங்களாக்கும்?”

இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் மெர்சி பொறுத்திருப்பாள். பக்கத்தில் நின்று அவள் வரைந்ததைத் தினம் பார்த்தவன் கேட்டான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டியாக அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதமும் தயாராக வைத்திருந்தான். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கோயமுத்தூரில் அச்சு செய்கிற எந்த டூல் ரூமிலும் அவள் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. வரைகிறவளுக்குக் கையும் பேரும்தான் சொத்து. கை இருக்கும், பேர் போய்விடும்.

“ஒரு நாள் குடுங்க” என்றாள். “இந்தப் பெட்டியையும் குடுங்க.”

அவன் சரி என்பதற்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

தன் மேஜையில் அஸ்டர்வெக் சட்டங்களைப் பரப்பி வைத்து வெர்னியரால் அளக்க ஆரம்பித்தாள். அளக்க அளக்க எல்லாம் அவள் வரைந்த அளவாகவே வந்தது. விமானி உட்காரும் இருக்கையின் பின்புறம் யாருக்கும் தெரியாது என்று அவள் கொஞ்சம் எளிமையாக வரைந்திருந்தாள். அங்கேயும் அதே எளிமை. ஆனால் இதையெல்லாம் சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரே விமானம், அளவு ஒன்றாகத்தானே இருக்கும் என்பான் நிதீஷ். காப்பி அடித்தவள் நீதான், அதனால்தான் ஒன்றாக இருக்கிறது என்பான். அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடை என்றால் எவன் மூத்தவன் என்று ஜாடையை வைத்துச் சொல்ல முடியாது.

மிஷின் ஆபரேட்டர் முகமது ரியாஸ் டீயோடு வந்தார். டீயை வைத்துவிட்டு, விமானத்தின் அடிப்பாகத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இந்த வட்டம் என்னங்கக்கா?”

“வயித்துல இருக்கற மூடி. இந்தப் பக்கமாத் திருப்பித் திறக்கோணும்னு அம்பு போட்டிருக்குது பாருங்க.”

ரியாஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். “ஏனுங்கக்கா, சுத்தியும் ஆறு ஸ்க்ரூ போட்ட மூடியை எங்கீங்க திருப்பறது?”

மெர்சி கையிலிருந்த வெர்னியரைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக அச்சு வரைகிறவள். ஆறு ஸ்க்ரூ போட்டு இறுக்கின மூடியைத் திருப்பித் திறக்க முடியாது என்று அவளுக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

“அம்போட வாலு வேற வெட்டுப்பட்டிருக்குதுங்க” என்றார் ரியாஸ். “வெள்ளைக்காரன் வேலையிலயும் கோளாறு இருக்குமாட்ட இருக்குது.”

அவள் எழுந்துவிட்டாள். பழைய அச்சுகள் அடுக்கியிருக்கும் ராக்குக்குப் போய், அடித்தட்டில் துரு வாசனையோடு கிடந்த ஒன்றைத் துணியால் துடைத்தாள். இரண்டு குதிரைத்திறன் மோட்டாரின் பின்னால் மாட்டுகிற மூடியின் அச்சு. மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்று காட்டுவதற்கு அதன் முகத்தில் ஒரு வளைந்த அம்பு உண்டு. அந்த அம்பின் வாலில், சுண்டுவிரல் அகலத்துக்கு இடம் விட்டுப் போயிருந்தது.

அது மெர்சி இந்தக் கம்பெனியில் செய்த முதல் அச்சு. அம்பைச் செதுக்கும்போது வால் முடிகிற இடத்தில் கட்டர் உடைந்துவிட்டது. இருபத்து மூன்று வயதில் அழாத குறையாகச் சுப்பண்ணனிடம் போய்க் காட்டினாள். அவர் சிரித்தார். “ஓடட்டும் உடு கண்ணு. மோட்டாரு சுத்தறதுக்கு அம்பு முழுசாவா வேணும்?” அந்த மூடி ஐந்தாறு வருடம் ஓடியது. கொங்கு நாட்டில் பாதிக் கிணற்றடியில் அந்த வெட்டுப்பட்ட அம்பு இருக்கும்.

அது எப்படிப் போய் ஒரு போர் விமானத்தின் வயிற்றில் ஏறியது? அதைத்தான் அவள் மல்லாந்து படுத்து, விரலால் தடவி, தாள் வைத்துத் தேய்த்து, நோட்டில் எழுதி, கம்ப்யூட்டரில் வரைந்து, அச்சாக்கியிருக்கிறாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் இது என்ன புதிதாக ஒன்று என்று யோசித்திருப்பாள். தினமும் பார்க்கிற உருவம், சரியாகத்தான் இருக்கும் என்று இவள் கண் தாண்டிப் போய்விட்டது. நுணுக்கம் நுணுக்கம் என்று பெருமை அடித்ததற்கு நல்ல பரிசு. முகம் சுட்டது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இந்தக் கோளாறு அஸ்டர்வெக்காரன் கிட்டிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் நிற்கிற விமானத்துக்குச் சரவணம்பட்டி மோட்டார் மூடியை எவன் கொண்டுபோய் மாட்டினான்?

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறினாள். கல்லூரி எலக்ட்ரீஷியன் திருமூர்த்தி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஐம்பது வயதுக்காரர். பதினோரு ஞாயிறும் ஏணி பிடித்தவர்.

“வாங்க அம்மணி. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை இல்லைங்களே?”

“வயித்துல இருக்கற அந்த வட்ட மூடி, அண்ணா. அது விமானத்தோடயே வந்ததுங்களா?”

“அதுங்களா!” திருமூர்த்தி சிரித்தார். “விமானம் வர்றப்பவே அந்த எடத்துல ஏதோ சாமானத்தைக் கழட்டிக்கிட்டு ஓட்டையாத்தானுங்க குடுத்தாங்க. அதுக்குள்ள கொளவி கூடு கட்டிப்போட்டுது. குடியரசு தினத்துக்குக் கொடியேத்த வந்த பிரின்சிபாலைக் கொட்டி, கன்னம் இம்மாம் வீங்கிப் போச்சுங்க. அன்னைக்கே ஒரு பழைய மோட்டாரு மூடியைக் கொண்டாந்து, ஓரத்தை அறுத்து, காத்தோட்டைக்கெல்லாம் புட்டி பூசி, ஆறு ஸ்க்ரூவை முடுக்கி, வெள்ளி பெயிண்ட் அடிச்சுப்போட்டேன். ஏனுங்க, நல்லாத்தான இருக்குது?”

“ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா. அதானுங்க வினை. நான் அதை அளக்கறப்ப நீங்க பக்கத்துலதானுங்க நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

திருமூர்த்தி கொஞ்சம் கூச்சப்பட்டார். “சொல்லலாம்னுதானுங்க வந்தேன். நீங்க அந்த மூடியைத் தடவித் தடவிப் பாத்து நோட்டுல எழுதறீங்க. இருபத்தெட்டு வருசத்துல என்ற வேலையை ஒருத்தரும் அப்படிப் பாத்ததில்லைங்க. வாயைத் தொறக்காம பொட்டாட்ட நின்னுபோட்டேன்.”

அவரைக் கோபிக்க அவளால் முடியவில்லை. மூடியைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் ஆபீசில் கேட்டுவிட்டு வந்து, அடியில் புகுந்து, ஆறு ஸ்க்ரூவையும் கழற்றித் தந்தார். காலியான இடத்தில் வேறு ஒரு மூடி வைப்பதாகச் சொன்னார். தயவுசெய்து அம்பு இல்லாத மூடியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பையில் மூடியோடு திரும்பும் பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் அந்த மூடி மடியில் கனத்தது. இதைக் காட்டினால் திருடி என்கிற பேர் போகும். ஆனால் போர் விமானத்துக்கு மோட்டார் மூடி மாட்டினவள் என்கிற பேர் வரும். பம்பு செய்கிறவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று எழுதினவனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகும். பொள்ளாச்சி தாண்டும்வரை அவளுக்கு மனம் வரவில்லை. தாண்டினபின் வந்துவிட்டது. சிரித்தால் சிரிக்கட்டும். செய்த தப்புக்குச் சிரிப்பு வாங்கலாம், செய்யாத திருட்டுக்குக் கையெழுத்துப் போட முடியாது.

அடுத்த நாள் காலை நிதீஷின் அறையில் சுப்பண்ணனும் இருந்தார். மெர்சிதான் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். பெரியவர் நியாயம் தெரிந்தவர், பார்த்தால் புரிந்துகொள்வார் என்கிற நம்பிக்கை. மேஜையில் வெள்ளி பெயிண்ட் அடித்த மூடியை வைத்தாள். பக்கத்தில் அஸ்டர்வெக் துண்டையும் பூதக்கண்ணாடியையும் வைத்தாள்.

சுப்பண்ணன் மூடியைத் திருப்பினார். உட்பக்கம் பெயிண்ட் படாத நீலப் பிளாஸ்டிக்கில் அவர் கம்பெனியின் பேர் புடைத்துக்கொண்டு இருந்தது. மறுபடி திருப்பி, கட்டை விரலால் அம்பின் வாலைத் தடவினார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடி வழியாக அஸ்டர்வெக் துண்டைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“இது எப்படிடா அங்க போச்சு?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நிதீஷால் அதற்கு மேல் முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஜெர்மனியில் நடந்த பொம்மைச் சந்தைக்குப் போயிருந்தான். அஸ்டர்வெக்காரர்களைப் பார்த்தான். சேர்ந்து செய்யலாம், தென்னிந்தியா ஏஜென்சி உனக்கே என்றார்கள். பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று மெர்சியின் மொத்த வரைபடத்தையும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டார்கள். படித்துப் பார்க்காமல் ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

“ஏஜென்சி இன்னமும் பேச்சுல இருக்குதுங்கப்பா. இப்பப் போயி சண்டை போட்டா அது கெட்டுப்போயிருமுங்க. அதான்...”

“அதான் என்னையத் திருடின்னு எழுதி வெச்சீங்களா?” என்றாள் மெர்சி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நான் பாடுபட்டு வரைஞ்சதை எல்லாம் தூக்கி அவிய கையில குடுத்ததும் நீங்க. பெட்டியில பேரைப் போட்டுக்கிட்டதும் நீங்க. நோகாம நோம்பி கும்புட்டுப்போட்டு, பழிக்கு மட்டும் என்னையக் கூப்புட்டீங்களா?”

சுப்பண்ணன் கையைத் தூக்கினார். மெர்சி காத்திருந்தாள்.

“கண்ணு, நீ செஞ்ச வேலைதான். எனக்குத் தெரியாதா? ஆனா ஊட்டு விஷயம் ஊட்டோட இருக்கோணும். பையன் பேரு கெட்டா கம்பெனி பேரும் கெட்டுப்போகும். காதும் காதும் வெச்ச மாதிரி அவியகிட்டப் பேசி முடிச்சுக்கலாம். நீ அந்தக் காயிதத்துல கையெழுத்தைப் போட்டுரு, ஒரு மாசத்துல ஊரு மறந்துபோடும். உங்கப்பன் ஐயாசாமி நம்ம தோட்டத்துல வேலைக்கு இருந்த வரைக்கும் என்ற சொல்லுக்கு மறுசொல்லு சொன்னதில்ல.”

இவரையா நம்பி வந்தோம் என்று மெர்சி நினைத்தாள். தெரியாமல் பழி போட்டவன்மேல் வருகிற கோபம் ஒரு மாதிரி. எல்லாம் தெரிந்து, தெரியும் என்று சொல்லிக்கொண்டே, நீயே சும என்கிறவர்மேல் வருகிற கோபம் வேறு. அது கத்தவிடாது.

“அப்பா மறுசொல்லு சொன்னதில்லைங்க ஐயா” என்றாள். “அதுக்குத்தானுங்க என்னையப் படிக்க வெச்சாரு.”

மூடியையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மிஷின் ஓடுகிற கூடத்தில் ரியாஸ் படம் எடுத்துக் கொடுத்தார். இரும்பு அச்சில் அம்பு, விமானத்திலிருந்து வந்த மூடியில் அம்பு, அஸ்டர்வெக் துண்டில் அம்பு. மூன்றிலும் வாலில் அதே இடத்தில் அதே வெட்டு. ஒரு பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, டெல்லிக்காரரின் வீடியோவுக்குக் கீழே மெர்சி தமிழில் எழுதினாள். அடியில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதையே எழுதினாள்.

‘என் பெயர் மெர்சி. கோயமுத்தூர் மாருத்தை வரைந்தவள் நான். அதன் வயிற்றில் ஒரு தவறு இருக்கிறது. வட்டமாகத் தெரிவது விமானத்தின் மூடி அல்ல, தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் மூடி. குளவிக்கு அடைப்பாக ஒரு கல்லூரியில் வைத்தது. தெரியாமல் அளந்து வரைந்துவிட்டேன். அந்த மூடியின் அச்சும் நான் செய்ததுதான். அம்பின் வாலில் இருக்கிற வெட்டு, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என் கையில் கட்டர் உடைந்து வந்தது. ஐரோப்பாவில் அளந்ததாகச் சொல்கிறவர்களின் விமானத்தில் இது எப்படி வந்தது என்று அவர்களைக் கேளுங்கள். தவறு என்னுடையது. அதனால்தான் சொல்கிறேன், விமானமும் என்னுடையது.’

அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

சிரித்தார்கள். அவள் பயந்ததைவிட அதிகமாகவே சிரித்தார்கள். மாருத்துக்கு எத்தனை இஞ்ச் டெலிவரி பைப் என்று ஒருவன் கேட்டான். ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் அஸ்டர்வெக் கிட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ வெட்டுப்பட்ட அம்பின் படங்கள் வந்து விழுந்தன. அருங்காட்சியகத்துக்கு நேரில் போன ஒருவர் அங்கே நிற்கிற விமானத்தின் வயிற்றைப் படமெடுத்துப் போட்டார். அங்கே வட்டமும் இல்லை, அம்பும் இல்லை. டெல்லிக்காரர் சிரிக்காமல் இன்னொரு வீடியோ போட்டு, மெர்சியிடம் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அஸ்டர்வெக் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாருத் பக்கத்தைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. கள்ளன் சொல்லிக்கொண்டா போவான்?

அந்த ஒரு வாரமும் மெர்சி வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சுப்பண்ணன் கூடத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை நிதீஷ் அவள் மேஜைக்கே வந்தான். கிட் எல்லாம் தீர்ந்துபோய், கடைக்காரர்கள் இன்னும் வார்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்களாம். புதுப் பெட்டியின் மாதிரி அட்டையை அவள் முன்னால் விரித்து வைத்தான்.

“இந்தத் தடவை உங்களையும் சேத்திப்போட்டேனுங்கக்கா.”

பக்கவாட்டில் அதே தங்க நிறத்தில், ‘வடிவமைப்பு: நிதீஷ் சுப்பண்ணன் மற்றும் குழு’ என்று இருந்தது.

மெர்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வந்தது. ஆனால் இந்த முறை அது நாக்கை அடைக்கவில்லை.

“அச்சை நான் திருத்தோணுமுங்க. அந்த மூடியை எடுத்துப்போடோணும்.”

“எடுத்துருங்க. அது உங்க இஷ்டமுங்க.”

“அப்ப இந்தப் பேரையும் எடுத்துருங்க. ரெண்டும் எங்கிருந்தோ கொண்டாந்து இதுல மாட்டுனதுங்க.”

நிதீஷின் காது சிவந்தது. கூடத்தில் ரியாஸ் மிஷினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். மெர்சி தன் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். பிறகு குனிந்து தன் பேரை அடித்தான், ‘மற்றும் குழு’வையும் அடித்தான். மேலே ‘மெர்சி’ என்று எழுதப்போனவன் நிறுத்தினான்.

“உங்க இனிஷியல் என்னங்கக்கா?”

பதினெட்டு வருடச் சம்பளப் பட்டியலில் இருக்கிற எழுத்து.

“ஐ” என்றாள். “முழுசாவே எழுதுங்க. ஐயாசாமி மெர்சி.”